ஆளி விதை அடுப்புக்கு, ஆளி எண்ணெய் தட்டுக்கு: மலையில் இருப்பவர்களுக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான். கோத்தகிரியில் நான்கு பேர் உள்ள குடும்பம். அரைக் கிலோ ஆளி விதையும் கால் லிட்டர் ஆளி எண்ணெயும் வாங்கியிருக்கிறார்கள். எண்ணெயைக் காயவைத்துக் கடுகு தாளித்தால் வீடெல்லாம் மீன் வாடை, கூடவே பெயின்ட் வாடை. விதையை வறுத்துப் பொடித்து அலமாரியில் வைத்தால் பத்து நாளில் கட்டிபிடித்துக் கசக்கிறது. பிள்ளைகள் தொடுவதில்லை. தினசரிச் சமையலில் இதை எப்படித்தான் சேர்ப்பது?

இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றுதான். ஆளியில் இருக்கும் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம், அதாவது ஒமேகா-3 கொழுப்பு, காற்று பட்டால் சீக்கிரம் கெடும் இனம். விதைக்குள் இருக்கும்வரை தோலும் நாரும் அதைக் காக்கின்றன. ரொட்டியிலோ கேக்கிலோ சேர்த்துச் சுட்டாலும் பெரிய சேதம் வராது. மாவின் உட்புறச் சூடு 100 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். பிழிந்து எண்ணெயாக்கிவிட்டால் அந்தக் காப்பு போய்விடுகிறது. சுத்திகரிக்காத ஆளி எண்ணெய் சுமார் 107 டிகிரியிலேயே புகைய ஆரம்பிக்கும். கடுகு வெடிக்க வேண்டிய சூடு அதைவிட வெகு அதிகம். ஆகவே கடுகு வெடிப்பதற்கு முன்பே எண்ணெய் கெட்டுவிடுகிறது. மீன் எண்ணெயும் ஒமேகா-3தான், இதுவும் ஒமேகா-3தான். சிதையும்போது வரும் வாடைக்காரர்களும் உறவுக்காரர்கள். பெயின்ட் வாடைக்கு விளக்கமே தேவையில்லை: பெயின்டிலும் வார்னிஷிலும் காலங்காலமாக ஊற்றிய லின்சீட் எண்ணெய் இதே ஆளி எண்ணெய்தான்.

முதலில் எண்ணெயை முடித்துவிடுவோம், அதில் சொல்ல வேண்டியது குறைவு. அதை அடுப்பில் ஏற்றவே கூடாது. தாளிப்புக்கு நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ இருக்கட்டும். சமைத்து இறக்கி, தட்டில் பரிமாறிய பிறகு ஆளுக்கு ஒரு டீஸ்பூன் ஆளி எண்ணெய் மேலே விட்டால் போதும். அந்த ஒரு டீஸ்பூனிலேயே ஏறக்குறைய 2.4 கிராம் ஒமேகா-3 இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு ஆணுக்கு 1.6 கிராம், பெண்ணுக்கு 1.1 கிராம். அதற்குமேல் ஊற்றுவது காசுக்கும் கேடு, எடைக்கும் கேடு. எண்ணெய் எதுவானாலும் கிராமுக்கு 9 கலோரி, ஆளி எண்ணெய்க்குச் சலுகை கிடையாது.

இட்லிப் பொடிக்குப் பாதி நல்லெண்ணெய், பாதி ஆளி எண்ணெய் குழைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் எளிது. பொடியின் காரம் எண்ணெயின் லேசான கசப்பை அமுக்கிவிடும். கீரை மசியல், பருப்பு, கேரட் சூப், வெள்ளரிப் பச்சடி, எல்லாவற்றிலும் கடைசிச் சொட்டாக விடலாம். பட்டர் ஃப்ரூட் கிடைக்கும் மாதங்களில் அதை மசித்து உப்பு, மிளகு, எலுமிச்சைச் சாறோடு ஒரு டீஸ்பூன் கலந்தால் சப்பாத்திக்குத் தொடுகையாகும். ரசத்துக்கும் மோர்க்குழம்புக்கும் இது ஒத்துவராது. மேலே மிதந்து முதல் வாயிலேயே எண்ணெய் வாடை அடிக்கும்.

வாங்கும்போது 100 அல்லது 250 மி.லி. அடர்நிறக் கண்ணாடி பாட்டிலாக, பிழிந்த தேதி பார்த்து வாங்குங்கள். லிட்டர் கணக்கில் சலுகை விலைக்கு வாங்கினால் பாதி வீணாகும். உணவு எண்ணெய்க்கான உரிம எண் இல்லாத பாட்டில் வேண்டாம். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் லின்சீட் எண்ணெய் மரத்துக்கும் பெயின்டுக்கும் உரியது. சீக்கிரம் காய்வதற்காக கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோக உப்புகளைச் சேர்த்திருப்பார்கள். வாயில் வைக்கும் பொருளே அல்ல.

திறந்த பாட்டில் ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும், ஆறு வாரத்துக்குள் தீரவும் வேண்டும். மலைக்குளிரில் தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்து கிடக்கும்போதும் ஆளி எண்ணெய் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ஓடும். அடியில் கொஞ்சம் மண்டி தங்கலாம், தப்பில்லை. வெண்ணெய் மாதிரித் திரண்டால் வேறு எண்ணெய் கலந்திருப்பதாகச் சந்தேகப்படலாம். இன்னொன்று: ஃப்ரிட்ஜில் இருந்தாலும் வாரங்கள் செல்லச் செல்லக் கசப்பு ஏறும். இதற்குக் காரணம் கொழுப்பு மட்டுமல்ல. ஆளியில் உள்ள சைக்ளோலினோபெப்டைடு என்ற சிறு புரதத் துண்டுகள் காற்றுபட்டு மாறும்போது கசக்கும். லேசான கசப்பு வந்ததுமே அவசரமாகத் தீர்க்க வேண்டிய நேரம். தொண்டையைப் பிடிக்கும் காறலும் பெயின்ட் வாடையும் சேர்ந்துவிட்டால் சாப்பிடக் கூடாது.

அப்படிப் போன எண்ணெயைக் கொட்டத் தேவையில்லை. காற்றுபட்டு இறுகிப் படலமாகும் குணம் சமையலுக்குத்தான் குறை, இரும்புக்கு நல்லது. துருப்பிடித்த தோசைக்கல்லைத் தேய்த்துக் கழுவி, சூடேற்றி ஈரம் போக்கி, சில சொட்டு எண்ணெயைத் துணியால் பூசி, பூசியதையெல்லாம் துடைத்து எடுத்துவிட்டதுபோல ஆகும்வரை துடைத்து, புகை அடங்கும்வரை காயவிட வேண்டும். ஆறியபின் இதையே மூன்று நான்கு தடவை செய்யலாம். பூச்சு தடிமனாக விழுந்தால் பின்னால் செதில் செதிலாக உரியும், அது தோசையிலும் ஒட்டும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் உடனே நீரில் நனைத்து, விரித்துக் காயவிடுங்கள். இந்த எண்ணெய் ஊறிய துணிக்குவியல் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தச்சுப்பட்டறைகளில் தெரிந்த சங்கதி.

இனி விதை. ஆளி நீலகிரியில் விளையும் பயிர் இல்லை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், விதர்பா, வட கர்நாடகம் பக்கம் குளிர்காலப் பயிராக வருவது. ஆகவே ஊட்டி மார்க்கெட்டானாலும் கோத்தகிரி மளிகைக் கடையானாலும் சரக்கு கீழேயிருந்துதான் ஏறி வருகிறது, எத்தனை மாதம் கிடங்கில் கிடந்தது என்பது பார்த்துத்தான் தெரியும். நல்ல விதை வழவழவென்று மின்னும், கைக்குள் பிடித்தால் விரலிடுக்கில் நழுவும். பத்து விதையை மென்று பாருங்கள்: கொட்டைப்பருப்புச் சுவை வந்தால் சரி, காறினால் வேண்டாம். பழுப்பா பொன்னிறமா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை, விலையில்தான் உண்டு. ஆளி விதை என்ற பெயரிலேயே சில நாட்டு மருந்துக் கடைகளில் செம்பழுப்பு நிறத்தில் சன்னமான இன்னொரு விதையை, வடக்கே ஹலீம் என்பதை, எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது வேறு செடி. ஆளி தட்டையாக, ஒருபக்கம் கூராக, கிட்டத்தட்ட எள்ளைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருக்கும்.

நம் பழக்கத்தில் எதையும் கழுவித்தான் அடுப்பில் வைப்போம். இதை மட்டும் கழுவாதீர்கள். தோலில் இருக்கும் பசைநார் நீர்பட்டதும் கொழகொழவென்று ஊறி, விதை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு வறுத்தாலும் உள்ளே நமத்தே இருக்கும். முறத்தில் புடைக்கவும் வராது, வழுக்கிக்கொண்டு ஓடும். சன்னமான சல்லடையில் சலித்துத் தூசியைப் போக்கி, வெள்ளைத் தட்டில் பரப்பிக் கல் பொறுக்குவதே வழி.

வறுப்பதற்கு அடிகனமான வாணலி, சிறுதீ. ஒரு தடவைக்கு 100 கிராம் போதும். இரண்டு விதை தடிமனுக்குமேல் குவிந்தால் அடியில் கருகி மேலே பச்சையாக இருக்கும். விடாமல் கிளறினால் இரண்டு மூன்று நிமிடத்தில் கடுகைப்போல, ஆனால் அடங்கின குரலில், படபடவென்று பொரியத் தொடங்கும். விதை கொஞ்சம் உப்பும், வாசனை மாறும். பொரிதல் மும்முரமாகி மெல்லத் தணியும் நேரத்தில் இறக்கிவிட வேண்டும். மொத்தம் ஐந்தாறு நிமிடம். இறக்கியதும் வாணலியிலேயே விடாமல் உடனே தட்டில் கொட்டிப் பரப்புங்கள். இரும்பின் சூடு இன்னும் இரண்டு நிமிடம் வேலை செய்யும், கசப்பு பெரும்பாலும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் வருகிறது. வாயில் போட்டால் மொறுமொறுவென்று நொறுங்குவது சரியான பதம். பல்லில் ஒட்டினால் இன்னும் ஒரு நிமிடம் தேவை.

கட்டிபிடிப்பதற்கு வருவோம். மலையில் குளிர் நமக்கு நண்பன், ஈரம் எதிரி. கோயம்புத்தூர் வெயிலில் கெடும் வேகத்தில் கோத்தகிரியில் கொழுப்பு கெடாது. ஆனால் தென்மேற்குப் பருவத்திலும், கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் இன்னும் கடுமையான ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும், மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வந்து உப்பு ஜாடியையே கரைத்துவிடும். வறுத்த ஆளிப்பொடி அந்த ஈரத்தைப் பஞ்சு மாதிரி உறிஞ்சும். அதனால் வறுத்த விதையை ஆறவைக்கிறேன் என்று இரவு முழுக்கத் திறந்து வைக்கக் கூடாது. இருபது நிமிடம், கைச்சூடு போனதும் அரைக்க வேண்டும். சூட்டோடு அரைத்தாலும் தப்பு: மூடிக்குள் ஆவி படிந்து, எண்ணெயும் கசிந்து, பொடிக்குப் பதில் அப்பிய விழுதுதான் கிடைக்கும்.

மிக்ஸியின் சின்ன ஜாரைத் துடைத்தால் மட்டும் போதாது, பிளேடுக்கு அடியில் நீர் தங்கியிருக்கும். அடுப்புச் சூட்டருகே கொஞ்ச நேரம் கவிழ்த்து வையுங்கள். ஜாரில் பாதிக்குமேல் நிரப்பாமல், ஐந்து நொடி ஓட்டி நிறுத்தி, கிளறிவிட்டு, மறுபடி ஐந்து நொடி. நான்கைந்து சுற்றில் ரவைக்கும் மாவுக்கும் இடைப்பட்ட பதம் வந்துவிடும். அதற்குமேல் நைசாக்க ஆசைப்பட்டால் எண்ணெய் விட்டுவிடும். முழு விதையாகவே தூவுவது அழகுக்குச் சரி, மெல்லாமல் விழுங்கியது அப்படியே வெளியேறிவிடும். சத்து வேண்டுமானால் பொடிக்கத்தான் வேண்டும்.

நான்கு பேருக்கு ஆளுக்கு ஒரு டீஸ்பூன் என்று தொடங்கினால் நாளொன்றுக்கு 10 கிராம், வாரத்துக்கு 70 கிராம். ஆகவே 100 கிராம்தான் ஒரு தடவை அரைக்க வேண்டிய அளவு. இறுக்கமாக மூடும் கண்ணாடிப் புட்டியில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் பத்து நாள் மணமாக இருக்கும், ஃப்ரீசரில் இரண்டு மாதம் வரை தாங்கும். காய்ந்த ஸ்பூனால் வேண்டியதை எடுத்துவிட்டு உடனே உள்ளே வையுங்கள். சமையல் முடியும்வரை மேடையில் திறந்து கிடந்தால் குளிர்ந்த பொடிமேல் காற்றின் ஈரம் படியும். வறுக்காத முழு விதை, காற்றுப் புகாத டப்பாவில் அலமாரியிலேயே ஆறு மாதத்துக்குமேல் கெடாது. வேண்டும்போது வேண்டியதை மட்டும் வறுப்பதுதான் புத்திசாலித்தனம்.

அளவு விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். ஒரு டேபிள்ஸ்பூன் பொடி, 7 கிராம்: ஏறக்குறைய 37 கலோரி, 2 கிராம் நார், 1.6 கிராம் ஒமேகா-3. பெரியவர்களுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு டேபிள்ஸ்பூன். முதல் வாரம் ஒரு டீஸ்பூன்தான். எடுத்த எடுப்பில் கூட்டினால் வயிறு உப்பும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், குளிர் பிரதேசத்தில் தாகமே எடுக்காது என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீர் போதாமல் இந்த நாரைச் சாப்பிட்டால் மலச்சிக்கல் தீராது, கூடும். பச்சை விதையில் சயனைடு வெளிவிடும் சேர்மங்கள் சிறிதளவு உண்டு. மேலே சொன்ன அளவில் பயமில்லை, வறுத்தால் இன்னும் குறையும். பச்சையாக அரைத்துக் கைப்பிடி கைப்பிடியாகச் சாப்பிடும் வைத்தியத்தை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மாத்திரைக்கும் ஆளிக்கும் இடையே இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள், பசைநார் மருந்தை உறிஞ்சவிடாமல் செய்யலாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், அறுவைசிகிச்சைக்குத் தேதி குறித்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். மீனுக்குப் பதில் இது என்பதும் முழு உண்மை இல்லை: ஆளியின் ஒமேகா-3யில் கொஞ்சத்தைத்தான் உடல் மீனில் உள்ள வகையாக மாற்றிக்கொள்கிறது. மத்தி மீன் கிடைக்கிற நாளில் அதையும் சாப்பிடுங்கள்.

பிள்ளைகள் சாப்பிடுவதற்குப் பொடிதான் முதல் வழி. வட கர்நாடகத்தில் ஜோள ரொட்டிக்கு, அதாவது சோள ரொட்டிக்கு, அகசி (ஆளி) சட்னிப் பொடி இல்லாமல் ஆகாது, ஆந்திரத்திலும் மராட்டியத்திலும் இதே சங்கதி உண்டு. நம் இட்லிப் பொடிக்கு ஏற்ற அளவு: ஆளி 100 கிராம், உளுந்து 50 கிராம், கடலைப்பருப்பு 25 கிராம், காய்ந்த மிளகாய் 12, பூண்டு 8 பல், நெல்லிக்காய் அளவு புளி, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, கல்லுப்பு இரண்டு டீஸ்பூன், கொஞ்சம் பெருங்காயம். பருப்புகளைச் சில சொட்டு எண்ணெயில் சிவக்க வறுத்து, மிளகாயையும் கறிவேப்பிலையையும் தனித்தனியே வறுத்து, புளியைப் பிய்த்துச் சூடான வாணலியில் போட்டு ஈரம் போக்குங்கள். ஆளியைக் கடைசியில் தனியாக. பூண்டை மெல்லியதாக நறுக்கி மொறுமொறுவென்று ஆகும்வரை வறுக்க வேண்டும். கொடைக்கானல் மலைப்பூண்டோ இங்கே விளைவதோ, மணம் தூக்கல்தான், ஆனால் நடுவில் ஈரம் நின்றுவிட்டால் மழைக்காலத்தில் பொடி முழுவதும் பூசணம் பூக்கும். அரைக்கும்போது மற்றதெல்லாம் முதலில், ஆளி கடைசியில் மூன்று சுற்று. ஆளியை முதலில் போட்டு மற்றதைப் பின்னால் போட்டால் பொடி பிசுபிசுக்கும்.

கேரட் பீன்ஸ் பொரியலிலும் கோஸ் பொரியலிலும் தேங்காயில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் ஒரு டேபிள்ஸ்பூன் கரகரப்பான பொடியை, அடுப்பை அணைத்தபின் தூவிப் புரட்டுங்கள். தோசை மாவில் போடுவதானால் புளித்த பிறகு, வார்ப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு, நான்கு கரண்டி மாவுக்கு ஒரு டேபிள்ஸ்பூன், கூட இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் நீர். அரைக்கும்போதே சேர்த்தால், ஏற்கெனவே மலைக்குளிரில் ஒன்றரை நாள் எடுக்கும் மாவு எந்த அளவு பொங்கியது என்றே தெரியாமல் கெட்டிப்பட்டு நிற்கும். சாம்பாரிலும் அவரைக்காய்க் குழம்பிலும் சேர்க்க வேண்டாம் என்பது என் கட்சி. கொதிக்கக் கொதிக்கக் கொழகொழப்பு இறங்கும், மறுநாள் சூடு பண்ணினால் கரண்டியில் நூலாக வழியும்.

அந்தக் கொழகொழப்பே உதவும் இடம் ராகி ரொட்டி. ராகியில் பசைத்தன்மை இல்லை, தட்டும்போது ஓரம் விரிசல் விடும். ஒன்றரை டேபிள்ஸ்பூன் ஆளிப்பொடியை ஐந்து டேபிள்ஸ்பூன் சுடுநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, ஒரு கப் ராகி மாவில் வெங்காயம், பச்சை மிளகாய், உப்போடு கலந்து, பிறகு தேவைக்கு வெந்நீர் தெளித்துப் பிசையுங்கள். மாவு விரலில் ஒட்டாமல் உருளும், வாழை இலையில் தட்டினால் ஓரம் உடையாது. சாமை மாவுக்கும் இதே வழி. ராகிக் களிக்கு மட்டும், வெந்து இறக்கியபின் கடைசியில் கிளறினால் போதும். நம் உயரத்தில் தண்ணீரே 94 டிகிரி வாக்கில் கொதிக்கிறது, களி வேக நேரமாகும். முன்கூட்டியே ஆளியைப் போட்டால் அடிப்பிடிக்கும். கோதுமைச் சப்பாத்திக்கு ஒரு கப்புக்கு ஒரு டேபிள்ஸ்பூன், பிசைந்து இருபது நிமிடம் ஊறட்டும். இரண்டைத் தாண்டினால் நிறம் கறுத்து, தேய்க்கும்போது கிழியும். பிள்ளைகள் கண்டுபிடித்தும் விடுவார்கள்.

கேக்கில் முட்டைக்குப் பதிலாக: ஒரு முட்டைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் நைசான பொடி, மூன்று டேபிள்ஸ்பூன் வெதுவெதுப்பான நீர், பதினைந்து நிமிடம். குழாய்த் தண்ணீர் மார்கழியில் ஐஸ் மாதிரி வரும், அதில் கரைத்தால் நேரத்துக்குக் கெட்டியாகாது. கேரட் கேக், வாழைப்பழ கேக், பிஸ்கட் நன்றாக வரும். முட்டையை அடித்து நுரையாக்கிச் செய்யும் ஸ்பாஞ்சுக்கு இது ஆகாது. இரண்டு முட்டைக்குமேல் கேட்கும் எந்தக் கேக்குக்கும் ஆகாது. மலையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் கேக் சட்டென்று பொங்கி நடுவில் அமுங்கும், ஆளிக்கு முட்டையைப்போலப் பிடித்து நிறுத்தும் பலமும் இல்லை. பேக்கிங் பவுடரில் கால்பங்கைக் குறைத்து, அகலமான தட்டையான டின்னில் ஊற்றி, வழக்கத்தைவிட ஐந்து பத்து நிமிடம் கூடுதலாக வேகவிடுங்கள். குச்சி குத்திப் பார்த்தால் ஆளி சேர்த்த கேக்கில் கொஞ்சம் பிசுக்கு ஒட்டத்தான் செய்யும். ஈர மாவு ஒட்டுகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.